ஆறுதல் சொல்ல வேண்டாம், கூட இருந்து கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர்கள் என்ன பேசலாம், என்ன பேசக் கூடாது என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல மனதோடு எழுதப்பட்ட கட்டுரை. கை கழுவிவிட்டு உள்ளே போங்கள், சளி பிடித்திருந்தால் போகாதீர்கள், கூட்டம் சேர்க்காதீர்கள் என்ற பகுதியை எல்லோரும் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் சொல்லியிருக்கும் இரண்டு யோசனைகள் எனக்கு ஒப்பவில்லை. நோயாளியிடம் நம்பிக்கை தரும் விஷயங்களை மட்டுமே பேச வேண்டும், நோயைப் பற்றிய பேச்சையே எடுக்கக் கூடாது என்பது ஒன்று. அவருக்கு ஏற்கெனவே பிடித்த மெல்லிசைப் பாடல்களைப் போட்டுவிட வேண்டும் என்பது இன்னொன்று. நான் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்து மீண்டவள். அதற்குச் சற்று முன்புதான் கணவரை இழந்திருந்தேன். ஓய்வு பெற்ற கணித ஆசிரியை. கடிதம் நீண்டுவிடும் என்று தெரிகிறது. இடமில்லையென்றால் சுருக்கிக்கொள்ளுங்கள், ஜாஸ் இசையமைப்பாளர் பில்லி ஸ்ட்ரேஹார்ன் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

பிடித்த பாடல்களிலிருந்து தொடங்குகிறேன். கீமோ எடுப்பவர்களில் சிலருக்கு, மருந்து உடம்பில் ஏறுவதற்கு முன்பே, மருத்துவமனை வாசலைப் பார்த்ததுமே குமட்டல் வந்துவிடும். ஸ்பிரிட் வாசனை, நாற்காலியின் நிறம், அப்போது காதில் விழுந்த பாட்டு என எல்லாவற்றையும் உடம்பு அந்தக் குமட்டலோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுகிறது. மருத்துவர்கள் நன்கு அறிந்த விஷயம் இது. என் உறவுக்காரப் பெண் ஒருத்தி, நான் இளவயதிலிருந்து கேட்டுவந்த பழைய பாடல்களை எல்லாம் போனில் ஏற்றித் தந்திருந்தாள். முதல் சுற்றிலேயே அவை என்னை விட்டுப் போயின. இன்றும் அவற்றில் சிலவற்றின் ஆரம்ப இசை கேட்டால் வாயில் உலோகச் சுவை வருகிறது.

மீதமிருந்த பாடல்களில் என் கணவர் இருந்தார். சட்டைக்கு இஸ்திரி போடும்போது சரணத்தை விட்டுவிட்டுப் பல்லவியை மட்டும் திரும்பத் திரும்ப முணுமுணுப்பவர் அவர். மாரடைப்பில் ஒரே இரவில் போய்விட்டார். அவர் பாடாமல் விட்ட சரணங்களைக் கூட என்னால் கேட்க முடியவில்லை. ஒரு பக்கம் நோயும் மறு பக்கம் துக்கமுமாகச் சேர்ந்து எனக்குத் தெரிந்த இசை முழுவதையும் பூட்டிவிட்டன. புத்தகமும் படிக்க முடியாது. கண் வரியின் கடைசிக்குப் போவதற்குள் மனது வரியின் தொடக்கத்தை விட்டுவிடும். கீமோவோடு தரும் ஸ்டீராய்டு மாத்திரை தூக்கத்தைத் துரத்திவிடும் என்பதையும் அனுபவித்தவர்கள் அறிவார்கள். விடியும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்த இரவுகள் அவை.

பகல்நேர சிகிச்சைப் பிரிவில் என் பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் வருவார். கப்பலில் ரேடியோ ஆபீசராக வேலை பார்த்தவர். மோர்ஸ் சாவியைத் தட்டிச் செய்தி அனுப்பியவர். 1999 பிப்ரவரியில் செயற்கைக்கோள் வழிப் பாதுகாப்பு முறை எல்லாக் கப்பல்களுக்கும் கட்டாயமானதோடு தன் தொழிலே முடிந்துபோனது என்பார். அவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். குரல் மிகவும் அடங்கியிருந்தது. அங்கே வேலை பார்த்த நர்ஸ் ஒருத்தி என் பழைய மாணவி. அவள் அழைப்பதைக் கேட்டு அவரும் என்னை டீச்சர் என்றே அழைத்தார். நான் அவரைச் சார் என்பேன். எனக்குப் பாட்டு கேட்கப் பிடிக்கவில்லை என்று நர்ஸிடம் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது.

"டீச்சர், உங்களுக்கு எந்த ஞாபகமும் வராத இசை ஒண்ணு இருக்கு. கேக்கிறீங்களா?" என்றார்.

அது ஜாஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை. அதுவரை நான் ஒரு துண்டு கூட உட்கார்ந்து கேட்டதில்லை. அதனாலேயே அது எனக்குத் திறந்திருந்தது. அதில் என் கணவர் இல்லை, என் இளமை இல்லை, குமட்டல் இல்லை. காலி வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழைந்தேன். அவர் போனில் இரட்டைப் பிளக் ஒன்றைச் செருகி, இருவரும் அவரவர் இயர்போனை மாட்டிக்கொண்டு ஒரே இசையைக் கேட்டோம். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது அடுத்தவர் இயர்போனைக் காதில் வைப்பது நல்லதல்ல என்பதால் இந்த ஏற்பாடு. பிடித்த பாட்டைப் போடுங்கள் என்று எழுதிய கட்டுரையாளருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: சில நோயாளிகளுக்குப் பிடித்த பாட்டு வேண்டாம். இதுவரை கேட்டிராத பாட்டு வேண்டும்.

அவருக்கு ஜாஸ் வந்த வழியும் ரேடியோதான். 1955இல் 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' சிற்றலையில் வில்லிஸ் கானோவர் என்பவர் ஒரு ஜாஸ் நிகழ்ச்சியைத் தொடங்கினார். ஆங்கிலம் அதிகம் தெரியாதவர்களுக்கும் புரியும்படி ஆழ்ந்த குரலில் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். பல பத்தாண்டுகள் அந்தக் குரல் ஒலித்தது. நடுக்கடலில் பணி முடிந்த பின் ரிசீவரைத் திருப்பி அந்தக் குரலைத் தேடிப் பிடிப்பாராம் சார். பிடித்த நாளில் நேரம், அலைவரிசை, ஒலியின் தெளிவு, வாசித்தவர் பெயர் எல்லாவற்றையும் கப்பல் பதிவேடு எழுதுவதுபோலவே ஒரு நோட்டில் எழுதி வைப்பார். நிகழ்ச்சியின் முகப்பு இசை, அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டியூக் எலிங்டன் நடத்திய குழுவின் 'டேக் தி ஏ டிரெயின்'. எனக்கு அவர் முதலில் போட்டுக் காட்டியதும் அதுதான்.

அது மனதை அமைதிப்படுத்தும் இசை இல்லை. துள்ளிக்கொண்டு ஓடும் இசை. அதைக் கேட்கும் முறையை அவர் சொல்லித் தந்தார். எட்டு எட்டு பார்களாக (பார் என்பது ஒரு தாளச் சுற்று) நான்கு பகுதிகள், மொத்தம் 32. முதல் இரண்டு பகுதியும் கடைசிப் பகுதியும் ஒரே மெட்டு, மூன்றாவது மட்டும் வேறு. முதலில் மெட்டை அப்படியே வாசிப்பார்கள். பிறகு அதே 32 பார்கள் திரும்பத் திரும்பச் சுற்றும். ஒவ்வொருவராக அதன் மேல் அந்த நேரத்துக்குத் தோன்றியதை வாசிப்பார்கள். மெட்டு வெளியே கேட்காது, ஆனால் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் மெட்டுக்குத் திரும்பி வந்து முடிப்பார்கள். "எந்த இடத்துல இருக்கோம்னு விடாம எண்ணுங்க டீச்சர். கணக்கு டீச்சர்தானே" என்றார். எண்ணினேன். ஒரு பக்கம் படிக்க முடியாத மனதுக்கு எட்டு பார்களைப் பிடித்துவைக்க முடிந்தது. பிறகு இன்னொரு எட்டு. மூன்றாவது பகுதி திரும்பும் இடத்தை முதன்முதலாகச் சரியாகப் பிடித்தபோது இருவரும் ஒரே நேரத்தில் விரலைத் தூக்கினோம். டிரிப் முடிந்து மெஷின் கத்தியது கூட எனக்குக் கேட்கவில்லை. நோய் வந்த பிறகு நானாக ஒரு காரியத்தைச் செய்து முடித்தேன் என்ற உணர்வு அன்றுதான் வந்தது. அமைதியை விட அது எனக்குத் தேவையாக இருந்தது.

இனி பேச்சைப் பற்றி. என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அன்பானவர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வந்தவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். யார் யாருக்கோ குணமானது, எந்தச் சாறு குடித்தால் நல்லது, தைரியம்தான் பாதி மருந்து. இடைவெளி விழுந்துவிட்டால் அதில் நான் அழுதுவிடுவேனோ என்று அவர்களுக்குப் பயம். வேறு சிலர், என்ன பேசுவது என்று தெரியாமலே வராமல் இருந்துவிட்டார்கள்.

சார் ஒருநாள் ஸ்டான் கெட்ஸும் கென்னி பாரனும் வாசித்த 'பீப்பிள் டைம்' ஆல்பத்தைப் போட்டார். ஒரு சாக்ஸபோன், ஒரு பியானோ, வேறு யாருமில்லை. 1991 மார்ச்சில் கோபன்ஹேகனில் உள்ள ஒரு ஜாஸ் அரங்கில் ரசிகர்கள் முன்னிலையில் பதிவு செய்தது. கெட்ஸுக்குக் கல்லீரலில் புற்றுநோய். அந்த ஜூன் 6இல் இறந்துவிட்டார். "சாக்ஸபோனை விட்டுடுங்க. பியானோக்காரரை மட்டும் கேளுங்க" என்றார் சார். கேட்டேன். கெட்ஸ் ஒரு நீளமான வரியை ஊதும்போது பாரன் கிட்டத்தட்டக் கையை எடுத்துவிடுகிறார். மூச்சு எடுக்கும் இடத்தில் சில சுரங்களைச் சேர்த்து அழுத்தும் ஒரே ஒரு கார்ட் வைக்கிறார், கீழே தரை இருக்கிறது என்று காட்டுவதற்கு. கெட்ஸ் களைத்து நிறுத்தும்போது பியானோ முழுப் பாரத்தையும் எடுத்துக்கொள்கிறது, அவர் திரும்பி வந்ததும் உடனே ஒதுங்கிக்கொள்கிறது. நம் கச்சேரியில் நல்ல வயலின்காரர் பாடகருக்குச் செய்வதும் ஏறக்குறைய இதுதான். தனக்கு வாசிக்கத் தெரிந்ததை எல்லாம் வாசித்துக் காட்டுவதில்லை. விட்டுவிட்டும் போவதில்லை.

எனக்கு வேண்டியிருந்த நட்பு அதுதான் என்று அந்தப் பதிவைக் கேட்டபோது புரிந்தது. அதைத்தான் அந்தப் பெரியவர், பாதிக் குரலோடு, எனக்குத் தந்துகொண்டிருந்தார். "பயமா இருக்கா டீச்சர்?" என்று என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவர்தான். ஆமாம் என்றேன். "எனக்கும் இருக்கு" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. அடுத்த இசையைப் போட்டார். அன்று இரவு நான் தூங்கினேன். நோயைப் பற்றிப் பேசவே கூடாது என்ற யோசனையை நான் ஏற்காததற்குக் காரணம் இது. பேச்சை நாமாக ஆரம்பித்து நீட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. நோயாளி பேச வரும்போது பேச்சை மாற்றாமல் இருந்தால் போதும்.

ஸ்ட்ரேஹார்னுக்கு வருகிறேன். 'டேக் தி ஏ டிரெயின்' எலிங்டன் இயற்றியது என்றே பலரும் நினைக்கிறார்கள். இயற்றியவர் பில்லி ஸ்ட்ரேஹார்ன். 1938 டிசம்பரில், 23 வயதில், பிட்ஸ்பர்க் நகரில் எலிங்டனைப் போய்ப் பார்த்தார். அன்று தொடங்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இருவரும் சேர்ந்து எழுதினார்கள். புகழ் வெளிச்சம் முழுவதும் எலிங்டன் மேல் விழுந்தது. ஸ்ட்ரேஹார்ன் அவர் பக்கத்தில் அமைதியாக எழுதிக்கொண்டே இருந்தார். 1964இல் அவருக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. சாருக்கு வந்த அதே நோய். மருத்துவமனையில் இருந்துகொண்டே ஸ்ட்ரேஹார்ன் முடித்து எலிங்டனுக்கு அனுப்பிய கடைசி இசைக்கோவையின் பெயர் 'பிளட் கவுன்ட்'.

கீமோ எடுத்தவர்களுக்கு இந்தப் பெயரை விளக்கவே வேண்டியதில்லை. எங்கள் வாழ்க்கையே கவுன்ட்டை, அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கையைச் சுற்றித்தான். ஊசிக்கு முன் ரத்தப் பரிசோதனை. வெள்ளணுக்கள் போதாவிட்டால் அந்தச் சுற்று தள்ளிப்போகும். கவுன்ட் இருக்கிறதா என்பதுதான் அந்தப் பிரிவில் ஒருவரை ஒருவர் நலம் விசாரிக்கும் முறை. அந்த இரண்டு வார்த்தைகளுக்கு முப்பது ஆண்டு நண்பனுக்கு அனுப்பும் இசையில் ஒருவர் இடம் கொடுத்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய பலமாக இருந்தது. நோய்க்கு உவமை தேடாமல், அதை மறைக்காமல், ரிப்போர்ட்டில் உள்ளபடியே பெயர் வைத்திருக்கிறார்.

ஸ்ட்ரேஹார்ன் 1967 மே 31இல், 51 வயதில் காலமானார். அதே ஆண்டில் எலிங்டன், அவர் எழுதியவற்றை மட்டும் வாசித்து ஓர் ஆல்பம் பதிவு செய்தார். 'அண்ட் ஹிஸ் மதர் கால்டு ஹிம் பில்' என்பது அதன் பெயர். 'பிளட் கவுன்ட்' அதில் இருக்கிறது. ஜானி ஹாட்ஜஸ் ஆல்ட்டோ சாக்ஸபோனில் அதை வாசிக்கிறார். தொடக்கத்தில் முணகல்போல வரும் மெட்டு நடுவில் ஓரிடத்தில் உரத்துக் கோபப்படுகிறது. சார் அந்த இடத்தில் எப்போதும் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். நம்பிக்கை தரும் இசையில் இந்தக் கோபத்துக்கு இடமில்லை. எங்களுக்கு அந்தக் கோபம் தேவைப்பட்டது. பின்னாளில் ஸ்டான் கெட்ஸும் 'பிளட் கவுன்ட்'டைத் தன் இசையாகவே ஆக்கிக்கொண்டு வாசித்தார். அவருக்குப் புற்றுநோய் வருவதற்கு முன்பே, 1982இல் வந்த ஆல்பத்தில் அது இருக்கிறது.

அதே எலிங்டன் ஆல்பத்தில் இன்னொன்று. பதிவு முடிந்து வாத்தியக்காரர்கள் தங்கள் கருவிகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எலிங்டன் பியானோவை விட்டு எழுந்திருக்கவில்லை. தனியாக 'லோட்டஸ் பிளாசம்' வாசிக்கத் தொடங்குகிறார். எலிங்டன் வாசிக்க ஸ்ட்ரேஹார்ன் விரும்பிக் கேட்டது அது. பின்னணியில் பேச்சுச் சத்தம், பொருட்களை எடுத்துவைக்கும் சத்தம். மெல்ல மெல்ல அது அடங்குகிறது. வேலை முடிந்த பிறகும் நண்பனுக்காக ஒருவர் நாற்காலியை விட்டு எழாமல் இருப்பதை அந்த ஒலிநாடா பிடித்து வைத்திருக்கிறது.

என் மருந்தால் விரல் நுனிகள் மரத்துப்போயின. பித்தான் போடவும் பேனா பிடிக்கவும் சிரமம். அதைச் சொன்னபோது சார் ஜாங்கோ ரைன்ஹார்ட்டைக் கொண்டுவந்தார். 1928இல் வண்டி தீப்பிடித்து இடது கையின் இரண்டு விரல்கள் செயலிழந்தும், மீதி விரல்களை வைத்தே கித்தார் வாசிக்கப் புது முறை கண்டவர். கேட்பதற்கு உற்சாகமாக இருந்தது, ஆனால் நான் உடனே பேனாவைப் பிடித்துவிடவில்லை. இசை நோயைக் குணமாக்கும் என்று யாரும் எழுதிவிடக் கூடாது. என்னைக் குணமாக்கியது அறுவைச் சிகிச்சையும் மருந்தும் கதிர்வீச்சும்தான். சாருக்கும் அவையெல்லாம் கொடுக்கப்பட்டன. அவர் போய்விட்டார்.

எனக்குச் சிகிச்சை முடிந்து முடி வளரத் தொடங்கியிருந்த சமயம் அது. அவர் போன பிறகு 'பிளட் கவுன்ட்'டைக் கொஞ்ச காலம் என்னால் கேட்க முடியவில்லை. ஞாபகம் வராத இசையில் இப்போது அவர் வந்து உட்கார்ந்துவிட்டார். பழைய பாட்டுகளுக்கு நேர்ந்தது இதற்கும் நேர்ந்துவிடும் என்று பயந்தேன். நேரவில்லை. ஏன் என்று யோசித்திருக்கிறேன். பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு 1961 ஜூன் 25இல் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் என்ற ஜாஸ் அரங்கில் வாசித்த பதிவு ஒன்றும் சாரின் நோட்டில் உண்டு. அதில் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தை வாசித்த ஸ்காட் லஃபாரோ ஜூலை 6இல் கார் விபத்தில் இறந்தார். வயது 25. எவன்ஸ் மாதக்கணக்கில் மேடை ஏறவில்லை. பிறகு வேறொரு பாஸ் கலைஞரோடு மீண்டும் வாசிக்க வந்தார். லஃபாரோ வாசித்ததை அப்படியே வாசிக்கும்படி புதியவரை யாரும் கேட்க முடியாது; அந்த இசையின் தன்மை அப்படி. மெட்டு அதேதான், ஆனால் அதன் மேல் வருவதை இன்றைக்கு இருப்பவர்கள்தான் வாசித்தாக வேண்டும். எனக்கும் அது ஒத்துவந்தது. பழைய பாட்டு என் கணவரை அதே இடத்தில் நிறுத்திவைத்துக் காட்டியது. இது சாரையும் வைத்துக்கொண்டு நகர்கிறது.

மிசிசிப்பி ஆற்றின் வழியாக ஒருமுறை அவர் கப்பல் நியூ ஆர்லியன்ஸுக்குப் போனதாம். அங்கே ஓர் இறுதி ஊர்வலத்தைப் பார்த்திருக்கிறார். கல்லறைவரை பித்தளை வாத்தியக்காரர்கள் மிக மெதுவாகத் துதிப்பாடல் வாசித்துக்கொண்டு நடக்கிறார்கள். இறந்தவரை வழியனுப்பிய பிறகு டிரம் வேகமெடுக்கிறது, பின்னால் வருகிறவர்கள் ஆடிக்கொண்டே திரும்புகிறார்கள். "முதல்ல மெதுவா நடக்கணும் டீச்சர். அதை யாரும் அவசரப்படுத்தக் கூடாது" என்று அவர் சொன்னது, அப்போது என் கணவரைப் பற்றியதாக இருந்தது.

இப்போது ஞாயிறு மாலைகளில் நான் சாரின் மனைவியைப் பார்க்கப் போகிறேன். அந்த அம்மாவுக்கு ஜாஸ் என்றாலே ஆகாது. சார் உயிரோடு இருந்தபோது ஒலியைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே இருப்பாராம். இறந்து இரண்டு மாதம் கழித்து நான் போனபோது, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் வருவதை நிறுத்தியிருந்தார்கள். "அவர் கேட்டதுல ஏதாவது ஒண்ணு போடுங்க, நானும் என்னதான் இருக்குன்னு பாக்கறேன்" என்றார். டிரம்பெட் இன்னும் அவருக்குப் பிடிக்கவில்லை. பென் வெப்ஸ்டரின் சாக்ஸபோன் பிடித்திருக்கிறது. அதில் காற்று வரும் சத்தம் மனிதர் மூச்சு விடுவதுபோல இருக்கிறது என்கிறார். 32 பார்களை எண்ண அவருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

ஆசிரியர் அவர்களே, தங்கள் இணைப்பில் இந்தக் கட்டுரையின் தொடர்ச்சி வருமானால் இரண்டு விஷயங்களைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். துக்க வீட்டுக்கு இரண்டாம் மாதமும் ஆறாம் மாதமும் போக வேண்டும் என்று எழுதுங்கள். போகிறவர்கள் பேசுவதற்கு எதையும் தயார் செய்துகொண்டு போக வேண்டாம் என்றும் எழுதுங்கள். ஏப்ரல் 30ஐச் சர்வதேச ஜாஸ் தினமாக யுனெஸ்கோ 2011இல் அறிவித்தது. அந்த வாரத்து இசைப் பக்கத்தில் ஸ்ட்ரேஹார்னைப் பற்றி வெளியிட இடம் இருந்தால் நான் எழுதித் தருகிறேன். சாரின் நோட்டு அவர் மனைவியிடம் இருக்கிறது. வேண்டிய பக்கங்களைப் படம் எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி